பழைய 070 செயின்சா சீஸ்: ஆயில் பத்தலையா, வேற காரணமா?

மரவாடி_மாதவரம்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வாடியில மூணு பழைய மிஷின் ஓடுது. ஸ்டில் 070 ரெண்டு (தீப்பொறிக்கு ஒண்ணுல பாயின்ட் செட், இன்னொண்ணுல எலக்ட்ரானிக்), ஹஸ்க்வர்னா 61 ஒண்ணு. பாயின்ட் செட் 070 போன வாரம் சீஸ் ஆயிடுச்சு, அதாவது பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கிச்சு. கயிறு இழுத்தா பாதியில நிக்குது.

விவரத்தை முழுசா தரேன். பெட்ரோல் பங்க்ல வாங்கின சாதாரண பெட்ரோல், அதாவது இப்ப வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, டப்பாவுல தரம் ஜாசோ எஃப்சி-ன்னு போட்டிருக்கு. ஆட்டோ, பைக்குக்குப் போடற அதே 2டி (டூஸ்ட்ரோக்) ஆயில்தான். கலந்து வெச்ச கேனுக்கு ஒன்றரை மாசம் ஆகுது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தா பிஸ்டன்ல சைலன்சர் பக்கம் மட்டும் நெட்டுக்கு நெட்டு கீறல், மேல் ரிங் காடியிலேயே ஒட்டிக்கிச்சு. கார்புரேட்டர் பக்கம் பிஸ்டன் வழவழன்னு இருக்கு. பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. சீஸ் ஆகறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாளா ஐடிலிங் ஒரு நிலையில நிக்கல. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்காம கொஞ்ச நேரம் கத்திட்டுத்தான் இறங்குச்சு.

மெக்கானிக் ஒருத்தர், "ஆயில் பத்தல, லிட்டருக்கு 60 மில்லி ஊத்து" ங்கறார். இன்னொருத்தர் படகு அவுட்போர்டு ஆயில்தான் கெட்டி, காசிமேட்டுல வாங்கிப் போடுங்கறார். சிலிண்டரை போர் பண்ணி (உள்ளே குடைஞ்சு பெருசாக்கி) இரும்பு ஸ்லீவ் இறக்கிடலாம்னும் ஒரு பேச்சு ஓடுது. மத்த ரெண்டு மிஷினையும் இதே கேன்ல இருந்து ஊத்தித்தான் ஓட்டறோம், அதனால இப்ப ரெண்டையும் நிறுத்தி வெச்சிருக்கேன். ஆயில் சரியா எவ்வளவு, இ20-ஐ வெச்சு என்ன செய்யறது, இந்த சிலிண்டர் தேறுமா? மழைக்காலத்துக்கு முன்னாடி மூணும் ரெடியாகணும்.

---

வியாசர்பாடி_பட்டறை

தம்பி, மத்த ரெண்டையும் நிறுத்தினது நல்ல காரியம். காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க. ஆக்ஸிலேட்டரை விட்டும் சத்தம் இறங்காம கத்தினது, ஐடிலிங் ஏறி இறங்கினது, வெள்ளை பிளக், சைலன்சர் பக்கம் மட்டும் கீறல். இந்த நாலும் சேர்ந்து வந்தா முதல் சந்தேகம் ஏர் லீக். கார்புரேட்டர் வழியா வராம வேற ஓட்டை வழியா காத்து உள்ளே போகுது. பெட்ரோல் அதே அளவு, காத்து அதிகம். கலவை மெலிஞ்சு, எரியற சூடு ஏறுது.

பிஸ்டனைப் படிக்கக் கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. எரிஞ்ச வாயு வெளியே போற வழி சைலன்சர் பக்கம்தான், அதனால பிஸ்டனுக்கு அந்தப் பக்கம்தான் சூடு அதிகம். கலவை மெலிஞ்சா அங்கேதான் அலுமினியம் முதல்ல வீங்கி சிலிண்டர் சுவரைக் கவ்வும். ஆயிலே இல்லாத பெட்ரோல் உள்ளே போயிருந்தா கீறல் சுத்துவட்டம் முழுக்க இருக்கும், பிஸ்டன் ஓரம் காய்ஞ்ச வெள்ளி மாதிரி தெரியும். கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கித் தேய்ஞ்சிருந்தா ஏர் ஃபில்டர் வழியா தூசி போயிருக்கு. பிஸ்டன் தலையில பொடிப்பொடியா குழி, இல்ல ஓட்டையே விழுந்திருந்தா அது இடிப்பு, அதாவது கலவை நேரம் தப்பி வெடிக்கறது. டைமிங் முந்தியிருக்கணும், இல்ல பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்கணும். உங்களுது இதுல முதல் வகை.

அதனால 60 மில்லி யோசனையை விட்டுடுங்க. ஒரு விஷயம் நிறைய பேருக்குப் புரியறதில்ல. கார்புரேட்டர் ஜெட் வழியா போறது மொத்த திரவம். அதுல ஆயில் பங்கு கூடினா பெட்ரோல் பங்கு குறையும். 20-ல இருந்து 60 மில்லிக்குப் போனா, எச் ஸ்க்ரூவை (ஃபுல் வேகத்துக்குப் பெட்ரோல் அளவை வெக்கற ஸ்க்ரூ) தொடாத வரைக்கும், கலவை இன்னும் மெலியும். ஏற்கெனவே மெலிஞ்சு சீஸ் ஆன மிஷின்ல அது எரியற வீட்டுல விசிறி போடற வேலை. போதாக்குறைக்கு ரிங் காடியில கரி படியும், சைலன்சர் வலை அடையும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட், வேக்குவம் டெஸ்ட் ரெண்டும் பண்ணுங்க. பிரிச்சுட்டா எங்கே ஓட்டைன்னு கண்டுபிடிக்க முடியாது, புது பிஸ்டன் போட்டு அதையும் சீஸ் பண்ணுவீங்க. சைக்கிள் டியூப்பை வெட்டி சைலன்சர் வாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவுல வெச்சு போல்ட்டை இறுக்குங்க. கார்புரேட்டரைக் கழற்றிட்டு அந்த வாயையும் இப்படியே அடைங்க. பிளக் ஓட்டையில அடாப்டர் போட்டு கைப்பம்பை மாட்டுங்க. பிஸ்டன் கீழ்க்கடைசியில இருக்கணும், அப்பதான் பக்கவழிகள் திறந்து கிராங்க் கேஸ் வரைக்கும் காத்து போகும். 0.5 பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ ஏத்தி நிறுத்துங்க. அரை நிமிஷம் முள் அசையாம இருக்கணும். இறங்கினா சோப்புத் தண்ணியை ஆயில் சீல், சிலிண்டர் அடி கேஸ்கெட், இன்டேக் ஃபிளேஞ்ச், கிராங்க் கேஸ் இணைப்புன்னு ஒவ்வொண்ணா தடவிப் பாருங்க. அதுக்கப்புறம் அதே 0.5 பார் வேக்குவம். பிரஷர்ல நிக்கிற சீல் வேக்குவத்துல தோத்துப் போகும், ஏன்னா உதடு ஒரு பக்கத்துக்குத்தான் நல்லா ஒட்டும். வேக்குவம் நிக்கும்போது ஃபிளைவீலை மெதுவா ஆட்டிப் பாருங்க. ஆட்டும்போது மட்டும் முள் விழுந்தா பேரிங் ஆடுது, அது சீலையும் தின்னும்.

---

எண்ணெய்க்கணக்கு

வியாசர்பாடி அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேனையும் பார்க்க வேண்டும். சீஸ் ஆவதற்கு ஏர் லீக் ஒரு கால் என்றால் அந்த ஒன்றரை மாதக் கேன் இன்னொரு கால்.

முதலில் அளவு. ஸ்டில் கையேட்டில் அவர்களுடைய சொந்த 2டி ஆயிலுக்கு 50-க்கு 1, வேறு ஆயிலுக்கு 25-க்கு 1. அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்பது அவர்கள் ஆயிலுக்கு மட்டும். மற்ற ஆயிலுக்கு 40 மில்லி. ஹஸ்க்வர்னா வேறு ஆயிலுக்கு 33-க்கு 1 சொல்கிறது, லிட்டருக்கு 30 மில்லி. மூன்று மிஷினுக்கும் ஒரே கேன் என்றால் 40 மில்லி வைத்துக்கொள்ளுங்கள், 5 லிட்டருக்கு 200. அந்த மெக்கானிக் பாதி சரி: 20 குறைவுதான். ஆனால் 60 தேவையில்லை. 20-லிருந்து 40-க்குப் போகும்போது எச் ஸ்க்ரூவை மறுபடி டியூன் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அளக்க மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி கேனோடு கட்டி வையுங்கள். மூடியால் அளப்பது, கண்மதிப்பில் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். முதலில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில் முழுவதும், குலுக்கல், மீதி பெட்ரோல், மறுபடி குலுக்கல். டேங்கில் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் கேனைக் குலுக்க வேண்டும்.

அவுட்போர்டு ஆயில் வேண்டாம். டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்காகச் செய்தது. படகு இன்ஜின் கடல்நீரைச் சுற்றவிட்டுக் குளிர்கிறது, சிலிண்டர் சுவர் அவ்வளவு சூடாவதில்லை. 070 காற்றால் குளிர்வது. அந்தச் சூட்டில் ரிங் காடியைச் சுத்தமாக வைக்கும் மருந்துச் சேர்க்கை அந்த ஆயிலில் இல்லை. ஆயில் கெட்டதல்ல, இடம் தவறு. ஜாசோ எஃப்சி போதும், அதற்கு மேல்தரமான எஃப்டி கிடைத்தால் இன்னும் நல்லது, கரி குறையும்.

இப்போது இ20. மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

எத்தனாலுக்கு எரிவதற்குக் காற்று குறைவாகப் போதும். சுத்தப் பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7-க்கு 1 காற்று, இ20-க்கு ஏறக்குறைய 13.5. ஆகவே பழைய பெட்ரோலுக்கு டியூன் செய்து அப்படியே விட்ட மிஷினில் இ20 ஊற்றினால் கலவை சுமார் 7 சதவீதம் மெலிந்துவிடுகிறது. புது பைக்கில் ஈசியூ என்ற எலக்ட்ரானிக் கட்டுப்பாடு இதைச் சரிசெய்துகொள்ளும். 070-ல் சரிசெய்ய வேண்டியது உங்கள் திருப்புளி.

இரண்டாவது, எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் கேனுக்குள் இரண்டாகப் பிரிந்துவிடும்: மேலே பெட்ரோல், அடியில் தண்ணீரும் எத்தனாலும். 2டி ஆயில் அந்த அடிநீரில் கரையாது, மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்கில் ஃபில்டர் எங்கே கிடக்கிறது? அடியில். மிஷின் குடிப்பது ஆயில் துளியும் இல்லாத கலவை. 200 மில்லி ஊற்றினாலும் 300 மில்லி ஊற்றினாலும் அது இன்ஜினுக்குப் போகாது. இ10 பெட்ரோலில் லிட்டருக்கு 5 மில்லி தண்ணீர் சேர்ந்தாலே பிரிந்துவிடும். இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் கூடுதலாகவும் இழுக்கும். கடற்காற்று அடிக்கும் நம் பக்கத்தில் பாதி காலியான கேனை ஒன்றரை மாதம் வைப்பது அதற்கு அழைப்பு விடுப்பது போல.

அந்தப் பழைய கேனை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனிக் கோடு தெரிந்தாலோ முழுவதும் கலங்கிப் பால்போல் இருந்தாலோ எந்த இன்ஜினிலும் ஊற்றாதீர்கள். குலுக்கினால் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம், மறுபடி பிரியும்.

மூன்றாவது, ரப்பர். அந்தக் காலத்து டியூப், டயாப்ரம் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு), ஊசி முனை ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. டியூப் ஊறிப் பிசின்போல் ஆகும் அல்லது காய்ந்து வெடிக்கும். டயாப்ரம் விறைத்துப்போகும்.

மாற்று வழி: எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் எத்தனால் கலக்காமல் விற்கப்படுகிறது. எல்லாப் பங்கிலும் இருக்காது, விலையும் அதிகம். 070-க்கு 100 ஆக்டேன் தேவையே இல்லை, எத்தனால் இல்லாததற்காக மட்டுமே வாங்குகிறோம். வாங்கியதும் நீங்களே சோதித்துவிடலாம். 100 மில்லி அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல், மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். அடிக்கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 25-ஐத் தாண்டி ஏறினால் அது இ20. சோதித்த பெட்ரோலை மிஷினில் ஊற்றாதீர்கள். இதே முறையில் இ20-ஐத் தண்ணீரால் கழுவி எத்தனாலை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கழுவினால் ஆக்டேனும் குறைந்துவிடும், ஈரமும் மிச்சமிருக்கும். வேண்டாம்.

இ20-தான் கிடைக்கிறது என்றால்: ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேனில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள், டேங்கில் இரவு தங்கவிடாதீர்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்த மறுநாள் அந்தப் பக்கத்துப் பங்கில் வாங்குவதைத் தவிருங்கள். தரைக்கு அடியில் உள்ள டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

---

திருவொற்றியூர்_டூஸ்ட்ரோக்

40 மில்லி விஷயத்துல எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. நல்ல எஃப்டி ஆயில்னா 070-க்கு 30 தாராளம். 25-க்கு 1 எழுதின காலத்து ஆயில் வேற. ஆனா டப்பாவுல தரம் எதுன்னே தெரியாம சில்லறையில வாங்கற ஆயில்னா 40-தான் பாதுகாப்பு. இதுல சண்டை போட ஒண்ணுமில்ல. 30-க்கும் 40-க்கும் நடுவுல ஆயிலால சீஸ் ஆன மிஷின் ரொம்பக் குறைச்சல், டியூனிங்கால சீஸ் ஆனதுதான் அதிகம்.

யாரும் இன்னும் பேசாத ஒண்ணு டேங்க் மூச்சு ஓட்டை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள்ள காத்து போகணும். அந்த வென்ட் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அடைஞ்சா டேங்குக்குள்ள இழுவை உண்டாகி பெட்ரோல் வராது. பத்து நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் சத்தம் மெலிசா கூர்மையாகும், திடீர்னு நிக்கும். அந்த நேரத்துல மூடியைத் திறந்தா "உஸ்"னு காத்து உள்ளே போகும். திறந்து மூடினதும் மறுபடி ஸ்டார்ட் ஆகறதால எல்லாரும் பிளக்கை மாத்திட்டு விட்டுடறாங்க. அந்தக் கூர்மையான சத்தத்துல ஓடற ஒவ்வொரு நிமிஷமும் பிஸ்டனைச் சுடுது.

டேங்க் உள்ளே இருக்கற ஃபில்டரைக் கம்பி கொக்கியால வெளியே இழுத்து மாத்துங்க. கழுவிப் போடாதீங்க. டியூப் மாத்தும்போது கடையில கிடைக்கற கண்ணாடி மாதிரி பிவிசி டியூப் வேணாம், ரெண்டு மாசத்துல குச்சி மாதிரி விறைச்சு நிப்பிள்ல காத்து எடுக்கும். எத்தனால் தாங்கற ஃபியூயல் டியூப், வைட்டான் ரப்பர்னு கேட்டு வாங்குங்க.

கார்புரேட்டர் 070-ல டில்லட்சன் எச்எல். டயாப்ரம் கிட் முழுசா போடுங்க, ஊசி, ஸ்பிரிங், லீவர் உள்பட. மீட்டரிங் பக்கம் (பெட்ரோலை அளந்து விடற பக்கம்) முதல்ல கேஸ்கெட், அது மேல டயாப்ரம். மாத்திப் போட்டா லீவரை அமுக்க முடியாம பெட்ரோல் பத்தாது. பம்ப் பக்கம் அடுக்கைக் கழற்றும்போதே போன்ல படம் எடுத்துக்குங்க. லீவர் உயரம் சேம்பர் தரையோட சமமா இருக்கணும். இரும்பு ஸ்கேலை ஓரமா வெச்சுப் பாருங்க. தாழ்ந்தா கலவை மெலியும், உயர்ந்தா பெட்ரோல் வழியும். பழைய டயாப்ரத்தைக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க. பாலித்தீன் பை மாதிரி சரசரன்னா செத்துப்போச்சு. புதுசு துணி மாதிரி சத்தமில்லாம மடியும்.

ஃபிளேஞ்ச் கேஸ்கெட்டுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கிராங்க் கேஸ் துடிப்பு அதன் வழியாத்தான் பம்ப் டயாப்ரத்துக்கு வருது. கேஸ்கெட்டைத் தலைகீழாப் போட்டாலோ, கேஸ்கெட் ஷீட்ல கையால வெட்டும்போது அந்த ஓட்டையை விட்டாலோ பம்ப் வேலை செய்யாது. ஐடிலிங்ல ஓடும், ஃபுல் ஆக்ஸிலேட்டர்ல பெட்ரோல் பத்தாது. அதுவும் சீஸ்ல முடியும்.

---

மரவாடி_மாதவரம்

ரொம்ப நன்றி. ரெண்டு டெஸ்டும் பண்ணியாச்சு. கவ்வின பிஸ்டனை கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவெச்சு மெதுவா கீழே இறக்கினேன். பிரஷர் 0.5 பார்ல நிக்குது. வேக்குவம் பத்து செகண்ட்ல ஜீரோ. இன்டேக் பக்கம் கிரீஸ் தடவிப் பார்த்தும் மாறல. ஃபிளைவீல் பக்கத்து சீல் மேல கெட்டி கிரீஸை அப்பினதும் முள் நின்னுச்சு. ஃபிளைவீலை ஆட்டினா முள் அசையல. பழைய கேன்ல அடியில தெளிவா கோடு தெரியுது, ஒரு விரல் உயரம்.

சீலை கிராங்க் கேஸ் பிரிக்காம மாத்த முடியுமா? சிலிண்டருக்கு என்ன செய்யறது?

---

வியாசர்பாடி_பட்டறை

நல்லா தேடிப் பிடிச்சிருக்கீங்க. பேரிங் ஆடலைங்கறதால பிரிக்க வேண்டியதில்ல.

ஃபிளைவீலை புல்லர் போட்டு எடுங்க, கிராங்க் முனையில சுத்தியால அடிக்காதீங்க. நட்டைக் கழற்ற பிஸ்டனை நிறுத்தணும்னா பிளக் ஓட்டை வழியா நைலான் கயிறு விடுங்க. ஆனா பிஸ்டன் ஏறி சைலன்சர் வாயை மூடின பிறகுதான் விடணும், இல்லேன்னா கயிறு வாயில மாட்டி அறுந்து உள்ளே கிடக்கும். கிளட்ச் பக்கமும் சேர்த்து மாத்துங்க, ரெண்டுக்கும் ஒரே வயசு. பெரும்பாலான செயின்சாவுல கிளட்ச் மரை இடதுபக்க மரை, வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில கழற்றணும்.

பழைய சீல்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, குறடால இழுங்க. டிரில் முனை தண்டைத் தொடக் கூடாது. தண்டுல நகத்துக்குத் தட்டுப்படற கோடு இருந்தா புது சீலும் நிக்காது. சீல் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூணும் பொறிச்சிருக்கும். பாரிமுனை பக்கம் பேரிங், சீல் கடைகள்ல அந்த மூணு எண்ணைச் சொல்லிக் கேளுங்க. கருப்பு நைட்ரைல் சீல் வேண்டாம், எஃப்கேஎம் வைட்டான் சீல் கேளுங்க, சூட்டையும் எத்தனாலையும் தாங்கும். உதட்டுல 2டி ஆயில் தடவி, தண்டோட மரையில மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுத்தி அது மேல வழுக்கி இறக்குங்க. வெளிவட்டத்துக்குச் சரியான ஒரு பைப் துண்டை வெச்சு நேரா தட்டி உட்கார வையுங்க. மாத்தின உடனே மறுபடி வேக்குவம் டெஸ்ட். அது தேறாம பிஸ்டன் வாங்கப் போகாதீங்க.

சிலிண்டர்: போர், ஸ்லீவ் பேச்சே வேண்டாம். இது அலுமினிய சிலிண்டர், உள்ளே கடினமான பூச்சு. போர் பண்ணினா பூச்சு போயிடும். இரும்பு ஸ்லீவ் இறக்கினா ஸ்லீவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல சூடு கடக்கறது குறையும், போர்ட் வாய்களும் சரியா பொருந்தாது. பெரும்பாலும் சிலிண்டர்ல தெரியற கோடு சிலிண்டரோட கீறல் இல்ல. பிஸ்டன் அலுமினியம் உருகி மேல ஒட்டியிருக்கு. அதைக் கரைச்சு எடுக்கலாம்.

பாத்ரூம் கழுவற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியால கோடு மேல மட்டும் தொடுங்க. வெட்டவெளியில, கையுறை, கண்ணாடி போட்டு. அலுமினியம் இருக்கற வரைக்கும் பொங்கும், தீர்ந்ததும் அடங்கும். போர்ட் வாயிலயும் வெளி ஃபின்லயும் பட விடாதீங்க, அங்கே பூச்சு இல்ல, சிலிண்டரையே தின்னும். அடங்கினதும் சோடா மாவு கரைச்ச தண்ணி, அப்புறம் சோப்பு, காயவெச்சு ஆயில். பிறகு 400 நம்பர் உப்புத்தாளைக் குறுக்குச் சாய்வா லேசா ஓட்டுங்க. இப்ப நகத்தை ஓட்டிப் பாருங்க. வழுக்கிட்டா சிலிண்டர் பிழைச்சது. ஆசிட் அடங்காம ஒரே இடத்துல பொங்கிட்டே இருந்தா அங்கே பூச்சு போயிடுச்சு, வேற சிலிண்டர்தான்.

புது பிஸ்டன்ல அம்புக்குறி சைலன்சர் பக்கம். ரிங் வாய் பின்ல உட்கார்ந்திருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. பிஸ்டன் பின்னைப் பிடிக்கற சர்க்ளிப் எப்பவும் புதுசு. வேற கம்பெனி சிலிண்டர் கிட் வாங்கினா போர்ட் ஓரங்களை விரலால தடவிப் பாருங்க. கூரா இருந்தா ரிங் மாட்டும். நைசான உப்புத்தாளால ஓரத்தை மழுக்கணும்.

---

புழல்_ரம்பம்

மாட்டின பிறகு டியூனிங். இதைச் சொல்லாம விட்டா மேலே எழுதின அத்தனையும் வீண்.

ஏர் ஃபில்டரைக் கழுவி மாட்டிட்டுத்தான் டியூன் பண்ணணும். அடைச்ச ஃபில்டரோட டியூன் பண்ணிட்டு அப்புறம் கழுவினா கலவை மெலிஞ்சிடும். எல் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் அளவை வெக்கற ஸ்க்ரூ), எச் ரெண்டையும் மெதுவா மூடுங்க, இறுக்கினா ஊசி முனையும் இருக்கையும் கெடும். ரெண்டையும் ஒரு சுற்று திறந்து ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் சூடாக்குங்க. எல் ஸ்க்ரூல ஐடிலிங் சீராகி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா தடுமாறாம ஏறணும். ஐடிலிங்ல செயின் அசையவே கூடாது.

எச் ஸ்க்ரூவுக்கு ஃபுல் ஆக்ஸிலேட்டர், லோடு இல்லாம, சில செகண்ட் மட்டும். எச்-ஐத் திறந்துகிட்டே போனா சத்தம் தொண்டை கட்டின மாதிரி "பட பட பட"ன்னு உடையும். அது கலவை கெட்டின்னு அர்த்தம். அந்த உடையற சத்தத்துலயே நிறுத்தி மரத்துல இறக்குங்க. லோடு ஏறினதும் சத்தம் தெளிவாகணும், தூக்கினதும் மறுபடி உடையணும். அதுதான் சரியான இடம். காத்துல ஓடும்போதே "ஙொய்"னு தெளிவா கத்தினா அழகா இருக்கும், ஆனா அது மெலிஞ்ச கலவை. நல்லா கத்தறதை நல்லா ஓடறதுன்னு நம்பி மூடிட்டே போறதுலதான் பழைய மிஷின் நிறைய போச்சு. புது பிஸ்டனுக்கு முதல் அஞ்சு டேங்க் இன்னும் ஒரு சிட்டிகை திறந்தே வையுங்க.

உங்களோடது பாயின்ட் செட். இடைவெளி 0.3-ல இருந்து 0.4 மி.மீ. இதைக் கூட்டினா டைமிங் முந்தும், சூடு ஏறும், கயிறு கையை உதைக்கும். குறைஞ்சா பிந்தி, இழுவை போகும். பிளக் இடைவெளி 0.5. பிளக் மாத்தும்போது சூட்டு எண்ணைப் பாருங்க. என்ஜிகே-ல எண் பெருசானா குளிர்ந்த பிளக், பாஷ்-ல எண் சின்னதானா குளிர்ந்தது. கைக்குக் கிடைச்ச பைக் பிளக்கைப் போட்டா தொண்டை நீளமும் மாறும், பிஸ்டன் தலையில இடிக்கும்.

குளிர்ச்சி விஷயத்துல தென்னை, பனை அறுக்கறவங்க தனியா கவனிக்கணும். அந்த நார் ஃபிளைவீல் விசிறிக்கும் சிலிண்டர் ஃபின்னுக்கும் நடுவுல மெத்தை மாதிரி அடையும். வெளியே இருந்து தெரியாது. ஸ்டார்ட்டர் கவரைக் கழற்றி மூங்கில் சிம்பால கிளறி, பெயின்ட் பிரஷ்ஷால தட்டணும். தென்னைன்னா ஒவ்வொரு நாளும், வேம்பு, தூங்குமூஞ்சின்னா வாரம் ஒரு தடவை. செயின் மழுங்கினாலும் இன்ஜின்தான் அடி வாங்குது. மரத்தூள் சீவலா வராம மாவா வந்தா உடனே அரம் போடுங்க. 070-ல .404 செயின்னா 5.5 மி.மீ. உருட்டு அரம். அறுத்து முடிச்சதும் படக்குனு ஆஃப் பண்ணாம அரை நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க. விசிறி நின்னதும் உள்சூடு போக வழியில்லாம சிலிண்டர்லயே தேங்கும்.

இன்னொண்ணு, பழைய 070-ல செயின் பிரேக் கிடையாது. டியூன் பண்ணும்போது பாரைத் தரையில ஊன்றாம, முனை எதிலயும் படாம, ஆளில்லாத பக்கம் பார்த்து வையுங்க.

---

திருவொற்றியூர்_டூஸ்ட்ரோக்

சும்மா வெச்சிருக்கற காலத்தைப் பத்தியும் ரெண்டு வரி. 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி ஒரு புயல் அடிச்சா வருஷம் முழுக்க மூலையில கிடந்த மிஷினை எல்லாம் ஒரே நாள்ல வெளியே எடுத்து, டேங்குல கிடந்த பழைய கலவையோட நாள் முழுக்க ஓட்டுவாங்க. சீஸ் ஆகறது அந்த ஒரு வாரத்துலதான். அதனால செப்டம்பருக்குள்ள மேலே சொன்ன ஃபில்டர், டியூப், வென்ட், வேக்குவம் எல்லாத்தையும் பார்த்து வெச்சிடுங்க.

மூணு வாரத்துக்கு மேல ஓட்டப்போறதில்லைன்னா டேங்கைக் கவிழ்த்துக் காலி பண்ணி, எத்தனால் இல்லாத பெட்ரோல்ல கலந்தது 100 மில்லி ஊத்தி அஞ்சு நிமிஷம் ஓட்டி, மிச்சத்தையும் கொட்டிட்டு தானா நிக்கற வரைக்கும் ஐடிலிங்ல விடுங்க. காய விட்டா டயாப்ரம் விறைக்கும்னு சிலர் சொல்வாங்க. கார்புரேட்டருக்குள்ள இ20 மாசக்கணக்குல தேங்கி அலுமினியத்துல வெள்ளைப் பூ பூக்கறதைவிட அது எவ்வளவோ தேவலை. அப்புறம் பிளக்கைக் கழற்றி 5 மில்லி 2டி ஆயில் விட்டு, கயிறை நாலு தடவை மெதுவா இழுத்து, பிளக்கை மாட்டி, பிஸ்டன் மேலே ஏறி கை கனக்கற இடத்துல நிறுத்துங்க. அந்த நிலையில சைலன்சர் வாய் மூடியிருக்கும், உப்புக்காத்து சிலிண்டருக்குள்ள போகாது. எண்ணூர், காசிமேடு பக்கம் கடலைப் பார்த்த ஷெட்னா மாசம் ஒரு தடவை கயிறை இழுத்து பேரிங்கை இடம் மாத்தி வையுங்க. உருளை ஒரே இடத்துல நின்னு ஈரம் பட்டா துருப்புள்ளி விழும், அடுத்த சீசன்ல அந்தப் பேரிங் இரையும், சீலும் கூடவே போகும்.

---

மரவாடி_மாதவரம்

ரெண்டு பக்கமும் சீல் மாத்தியாச்சு, வைட்டான்தான். வேக்குவம் அரை நிமிஷத்துக்கு மேல அசையாம நிக்குது. சிலிண்டர்ல ஆசிட் ரெண்டு தடவை தொட்டதுல பொங்கறது அடங்கிடுச்சு, நகம் வழுக்குது. பிஸ்டன், ரிங், சர்க்ளிப், டயாப்ரம் கிட் வாங்கப் போறேன். பழைய கேனை அப்படியே ஓரமா வெச்சுட்டேன், அதை என்ன பண்ணறது?

---

எண்ணெய்க்கணக்கு

கால்வாயிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள், அடுப்பு மூட்டவும் வேண்டாம். பிரிந்துபோன கலவையை எந்த வண்டியிலும் ஊற்றாதீர்கள். மூடிய உலோகக் கேனில் "பாழ்" என்று பெரிதாக எழுதி, பட்டறைக் கழிவு ஆயிலை எடுத்துப்போகும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். எழுதாமல் வைத்தால் வாடியில் யாராவது அவசரத்துக்கு எடுத்து 61-ல் ஊற்றிவிடுவார்கள். அந்த 61-லும் இன்னொரு 070-லும் டேங்கில் மிச்சம் இருப்பதையும் இதே கேனில் கொட்டிவிட்டு, இரண்டுக்கும் டேங்க் ஃபில்டரை மாற்றி, வேக்குவம் சோதனை முடித்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.